காணவில்லை: இரண்டாவது டிரைவர்

காணவில்லை. பெயர்: இரண்டாவது டிரைவர். நிறம்: கறுப்பு, ஜன்னல் பக்கத்து வலது கை மட்டும் இன்னும் கறுப்பு. அடையாளம்: தோளில் துண்டு, கண்ணில் சிவப்பு. கடைசியாகக் காணப்பட்ட இடம்: மத்திய மோட்டார் வாகன விதிகள், 90ஆம் விதி. காணாமல் போன ஆண்டு: 2018. தகவல் தருவோருக்குச் சன்மானம் கிடையாது. அவரைத் தேடித் தரும்படி எந்தக் காவல் நிலையத்திலும் யாரும் மனு கொடுக்கவில்லை.

அப்படி ஒருவர் இருந்தாரா என்று கேட்பவர்களுக்கு: இருந்தார், அரசிதழில். நேஷனல் பர்மிட்டில் ஓடும் கனரக லாரியில் குறைந்தது இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும். ஓட்டுகிறவரின் இருக்கைக்குப் பின்னால், வண்டியின் முழு அகலத்துக்கும், மாற்று டிரைவர் கைகால் நீட்டித் தூங்குவதற்கு ஓர் இருக்கை இருக்க வேண்டும். விதி சொன்னது இதைத்தான். தொழிலாளி கைகால் நீட்டித் தூங்குவதைப் பற்றி இந்திய அரசு இவ்வளவு அக்கறையாக வேறெங்கும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. எழுதிய அதிகாரி ஒரு ராத்திரியாவது லாரியில் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு கருணை ஒரு கோப்புக்குள் வந்து சேர வழியே இல்லை.

நடைமுறையில் இரண்டாவது டிரைவர் பெரும்பாலும் ஜெராக்ஸ் தாளாகத்தான் பயணம் செய்தார். ஓனரின் மச்சான் லைசென்ஸோ, வேலையை விட்டுப் போனவரின் லைசென்ஸோ, ஏதோ ஒன்றின் நகல் டேஷ்போர்டுக்குள் கிடக்கும். செக்போஸ்டில் கேட்பார்கள்.

“இன்னொரு டிரைவர் எங்கய்யா?”

“டீ குடிக்கப் போயிருக்காருங்க சார்.”

அவர் குடித்த டீக்கான காசை இவர் அதிகாரியின் கையில் வைப்பார். டீ விலை சற்று அதிகம்தான். வண்டி கிளம்பும்.

ஆக, இரண்டு பேர் ஓட்ட வேண்டிய வண்டியை ஒருவரே ஓட்டுவது சட்டவிரோதமாக இருந்தது. நாடெங்கும் பகிரங்கமாக நடந்த சட்டவிரோதம். 2018இல் அரசு விழித்துக்கொண்டு அதை ஒழித்தது. எப்படி ஒழித்தது? சட்டத்தை எடுத்துவிட்டது. இனி ஒரு டிரைவர் போதும். விரோதிக்கச் சட்டமே இல்லை என்றால் சட்டவிரோதம் எங்கிருந்து வரும்?

அதே ஆண்டு ஜூலையில் லாரி ஏற்றக்கூடிய எடையையும் கூட்டினார்கள். பத்துச் சக்கர லாரி சரக்கோடு சேர்த்து 25 டன் என்றிருந்தது, 28.5 டன் ஆனது. சரக்குக்குக் கூட்டல், ஆளுக்குக் கழித்தல். லாரி உரிமையாளர் சங்கங்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்த காலம் அது. அவர்கள் கேட்டதில் டீசல் விலை இருந்தது, டோல் இருந்தது, இன்சூரன்ஸ் பிரீமியம் இருந்தது. அவற்றில் கை வைத்தால் யாருக்காவது வருமானம் குறையும். யாருடைய வருமானமும் குறையாமல் கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான் கையில் இருந்தது: டிரைவரின் தூக்கம். எடுத்துக் கொடுத்தார்கள். தொழில் செய்வதை எளிதாக்குதல் என்று இதற்குப் பெயர். செய்கிறவனுக்கு எளிதாக்குதல் என்று யாரும் சொல்லவில்லையே.

இரண்டாவது டிரைவருக்கும் முன்பே வண்டியிலிருந்து இறங்கிப் போனவன் கிளீனர். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் ஒரு தலைமுறை டிரைவர்கள் அந்த இடத்திலிருந்து வந்தவர்கள்தான். தார்ப்பாய் இழுத்துக் கட்டுவது, டயரில் காற்று தட்டிப் பார்ப்பது, மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, ரிவர்ஸில் பின்னால் நின்று “வா வா வா… வெச்சுக்கோ” என்று கத்துவது, ஸ்டவ்வில் சோறு வடிப்பது, ராத்திரியில் டிரைவர் கண் சொருகாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவது. டிரைவர் கண்ணில் படாத இடது பக்கம் முழுவதும் கிளீனருடைய பொறுப்பு. அவனுடைய பேட்டாவை மிச்சம் பிடித்தார்கள். இப்போது இடது பக்கத்தை ஒரு கண்ணாடி பார்த்துக்கொள்கிறது. கண்ணாடிக்குப் பேட்டா கிடையாது, அது கத்தவும் கத்தாது.

மிச்சம் பிடித்தவர்கள்தான் இன்று டிரைவர் கிடைக்கவில்லை என்று சங்கக் கூட்டங்களில் அழுகிறார்கள். டிரைவர் மரத்தில் காய்ப்பதில்லை ஐயா. கிளீனராக ஏறிய பையன்தான் ஐந்தாறு வருஷத்தில் டிரைவராக இறங்குவான். ஏணியை விறகாக்கி எரித்துவிட்டு, மாடிக்கு யாரும் வரவில்லையே என்றால்?

இதற்காக ஓனரை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்தால் மனசுக்கு இதமாக இருக்கும், ஆனால் அது பாதிப் பொய். இந்தத் தொழிலில் பெரும்பாலான ஓனர்கள் ஒன்று, இரண்டு, அதிகம் போனால் ஐந்து வண்டிக்காரர்கள். அவர்களில் பலர் நேற்றுவரை ஸ்டியரிங் பிடித்தவர்கள். வண்டிக்கு மாதத் தவணை, டயர், எஃப்.சி., இன்சூரன்ஸ், டோல், மாமூல். இத்தனையும் போக மிஞ்சுகிற வாடகையை அவர்கள் நிர்ணயிப்பதில்லை. புக்கிங் ஆபீஸ் நிர்ணயிக்கிறது. புக்கிங் ஆபீஸையும் ஒரு கம்பெனியின் டெண்டர் நிர்ணயிக்கிறது. டெண்டரில் யார் குறைவாகக் கேட்டாரோ அவருக்கு லோடு. குறைவாகக் கேட்டவர் எதைக் குறைத்தார்? டீசல் குறையாது, டோல் குறையாது. ஆள் குறைவார்.

அந்தக் கம்பெனியின் கேட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெரிய பலகை இருக்கும்: “பாதுகாப்பே முதன்மை”. அதற்குக் கீழே இன்னொரு பலகை: “விபத்தில்லாத நாட்கள்”. எதிரே ஓர் எண். தினமும் ஒருவர் வந்து அதை மாற்றி எழுதுகிறார். கம்பெனிக்குள் ஒரு தொழிலாளி வழுக்கி விழுந்தால் அந்த எண் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும். மேனேஜர்கள் பதறுவார்கள், கூட்டம் போடுவார்கள். ஆனால் அதே கம்பெனியின் சரக்கை ஏற்றிக்கொண்டு, அதே கம்பெனி குறித்துக் கொடுத்த நேரத்துக்குப் போய்ச் சேர ஓடிய டிரைவர் நெடுஞ்சாலையில் நசுங்கிச் செத்தால், பலகையில் மறுநாள் எண் ஒன்று கூடும். அது விபத்தில்லாத நாள்.

அந்த கேட்டில் டிரைவருக்குச் சோதனை உண்டு. ஹெல்மெட் இருக்கிறதா, ஷூ இருக்கிறதா, ஒளிரும் ஜாக்கெட் இருக்கிறதா, பாக்கெட்டில் தீப்பெட்டி இருக்கிறதா? எல்லாம் கேட்பார்கள். கடைசியாக எப்போது தூங்கினாய் என்று கேட்கிற செக்யூரிட்டியை யாரும் பார்த்ததில்லை. சோதனை முடிந்ததும் வெளியே வரிசையில் நிற்கச் சொல்வார்கள். ஒரு நாள் நிற்கலாம், இரண்டு நாளும் நிற்கலாம். உள்ளே கழிப்பறை இருக்கும், அது ஸ்டாஃபுக்கு. டிரைவருக்கு முள்வேலியோரம். டிரிப்புக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு நின்ற நாளுக்குக் கூலி இல்லை. இறக்கும்போது எடை குறைந்தால், சாக்கு கிழிந்திருந்தால், அதை யார் கணக்கில் பிடிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நின்ற நேரத்தை ஓடிப் பிடிக்க வேண்டும். ஏனென்றால் சரக்குக்குக் கடிகாரம் உண்டு. ஜி.எஸ்.டி. இ-வே பில் என்ற தாள் இல்லாமல் சரக்கு நகராது. அந்தத் தாளுக்கு ஆயுள் உண்டு. முதலில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கொடுத்தார்கள். 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். ஒரு பேனா வீச்சில் தேசம் இருமடங்கு வேகமாகிவிட்டது! பெரிய தூரமில்லையே என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வார். டயர் வெடித்தால், மலைப்பாதையில் வண்டி சாய்ந்து நாலு மணி நேரம் போக்குவரத்து நின்றால், நகருக்குள் பகலில் நுழையக்கூடாது என்று ஓரங்கட்டினால் என்ன ஆகும் என்பது டிரைவருக்குத்தான் தெரியும். பில்லை நீட்டிக்க வழி உண்டு; நேரத்துக்கு நீட்டிக்கத் தவறி, காலாவதியான பில்லோடு மாட்டினால் வண்டியையே பிடித்து வைத்து, வரியைப் போல் இருமடங்கு அபராதம் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. சரக்கு நேரம் தவறினால் இவ்வளவு பதறுகிற அரசு, மனிதன் நேரம் தவறித் தூங்கினால் பதறுவதில்லை. தூங்காமலே ஓட்டினாலும் பதறுவதில்லை. பில்லுக்குக் காலாவதி உண்டு. டிரைவருக்குக் கிடையாது.

சரி, ஓரமாக நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் தூங்கலாமே என்று நல்ல மனசோடு கேட்பீர்கள். எங்கே? பெட்ரோல் பங்கில் டீசல் போட்ட வண்டிக்குத்தான் இடம், அதுவும் ஓரமாக. நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்துமிடங்கள் பலவற்றில் விளக்கு எரியாது. விளக்கு எரியாத இடத்தில் டீசல் டேங்கின் மூடியை நெம்புகிறவர்கள் வருவார்கள், தார்ப்பாயை அறுக்கிறவர்கள் வருவார்கள். திருட்டுப் போனது டிரைவர் கணக்கில். சாலையோரம் நிறுத்தினால் ரோந்து வண்டி வரும். அல்லது பின்னால் ஒரு கார் வந்து செருகும், “நின்றிருந்த லாரி மீது மோதி” என்று செய்தி வரும். ஆகவே அவர் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கப் பழகியிருக்கிறார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து டேங்கைத் தட்டிப் பார்க்கிறார். டீசலும் திருட்டுப் போகாமல், போலீசும் தட்டாமல், இந்த நாட்டில் லாரி டிரைவர் அயர்ந்து தூங்கக்கூடிய இடம் ஒன்றுதான் மிச்சம்: ஓடும் வண்டியின் ஸ்டியரிங்.

இதை அரசு கவனிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நன்றாகக் கவனித்திருக்கிறது. சில மாநிலங்களில் நெடுஞ்சாலைப் போலீசார் நடுராத்திரியில் லாரிகளை நிறுத்தி, டிரைவரை இறங்கச் சொல்லி, முகத்தைக் கழுவச் சொல்லி, டீயும் கொடுத்து அனுப்புகிறார்கள். போட்டோவும் வருகிறது. கொஞ்சம் யோசியுங்கள். ஒரு மனிதன் தூக்கத்தில் தள்ளாடுகிறான் என்று சட்டத்தின் காவலருக்குத் தெரிகிறது. அவன் கையில் 28 டன் இருக்கிறது என்றும் தெரிகிறது. குடித்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பார். தூக்கம் என்பதால் தண்ணீர் தெளித்து அனுப்புகிறார். ஆட்டின் தலையில் தண்ணீர் தெளிக்கிற சடங்கு நமக்குத் தெரிந்ததுதான்; அங்கே ஆடு தலையை ஆட்ட வேண்டும், இங்கே டிரைவர் “சரிங்க சார்” என்று சொல்ல வேண்டும்.

ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம். ரோஜாப்பூ, இலவசக் கண் பரிசோதனை, உறுதிமொழி. காக்கிச் சட்டை போட்டவர்கள் வரிசையில் நின்று கையை நீட்டி, வேகமாக ஓட்டமாட்டேன், செல்போன் பேசமாட்டேன், களைப்போடு ஓட்டமாட்டேன் என்று சொல்கிறார்கள். மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எதையும் சொல்வதில்லை. இரண்டு நாள் கேட்டில் நிறுத்தி வைக்கமாட்டேன் என்று ஒரு கம்பெனி மேனேஜர் கையை நீட்டியிருக்கிறாரா? ராத்திரி இரண்டு மணிக்குப் போன் போட்டு “எங்கப்பா இருக்கே, இன்னும் கிருஷ்ணகிரி தாண்டலையா” என்று கேட்கமாட்டேன் என்று புக்கிங் ஏஜெண்ட் சத்தியம் செய்திருக்கிறாரா? ஓட்டும்போது டிரைவர் செல்போன் பேசக் கூடாது என்கிறார்கள். பேசுவது யாரோடு என்று விசாரித்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். மாமூலுக்குக் கை நீட்டுகிறவர்கள், அதே கையை உறுதிமொழிக்கும் ஒரு தடவை நீட்டலாம்; பழக்கப்பட்ட கைதானே. சாலைப் பாதுகாப்பு அமைப்பான சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட டிரைவர்களில் 82 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கடைசி டிரிப்பில் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னார்கள். லாரித் தொழிலில் இப்படிப் போகும் பணம் ஆண்டுக்கு சுமார் 48,000 கோடி ரூபாய் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. இரண்டாவது டிரைவர்களின் சம்பளம் எங்கே போயிற்று என்று தேடுகிறவர்கள் இந்தத் தொகையிலிருந்து தொடங்கலாம்.

இப்போது நல்ல செய்தி. லாரி கேபினுக்கு ஏ.சி. வந்துவிட்டது. 2023இல் விதி போட்டார்கள். வண்டிக் கம்பெனிகளுக்கு அவகாசம் கொடுத்து, 2025இல் தயாராகும் புது லாரிகளிலிருந்து கட்டாயம். அதற்கு முன் வந்த லட்சக்கணக்கான வண்டிகள் பழைய அடுப்பாகவே ஓடி முடியும். குளிர்பதன லாரி ஒன்றை நினைத்துப் பாருங்கள். பின்னால் பெட்டிக்குள் திராட்சை, டிகிரி பார்த்து வைத்த குளிரில் சுகமாக உறங்கிக்கொண்டு வருகிறது. அதற்கும் முன்னால் இருப்பவனுக்கும் நடுவே சில அங்குலத் தகடு. இந்தப் பக்கம் மே மாதத்து ஆந்திர வெயில், காலுக்குக் கீழே இன்ஜின் சூடு. திராட்சை வாடினால் கம்பெனி கேஸ் போடும். டிரைவருக்கு ஏ.சி. என்றதும் வண்டி விலை ஏறுமே என்று பலருக்கு வியர்த்தது. சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியே ஒரு பேச்சில் சொன்ன சங்கதி இது.

அவர் அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னார். நம் நாட்டில் டிரைவர்கள் 12 மணி நேரம், 14 மணி நேரம் ஓட்டுகிறார்கள். மற்ற நாடுகளில் வேலை நேரத்துக்கு வரம்பு இருக்கிறது என்று. உண்மை, ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு 9 மணி நேரம், நாலரை மணி நேரத்துக்கு ஒரு தடவை முக்கால் மணி ஓய்வு. மீறினால் வண்டியில் இருக்கிற கருவியே காட்டிக்கொடுக்கும். அமைச்சரிடம் யாராவது மெதுவாகச் சொல்லியிருக்கலாம்: ஐயா, நம் நாட்டிலும் இருக்கிறது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை. இரவு தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை. தங்கள் அமைச்சகத்தின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 91ஆம் பிரிவும் அந்த நேரத்தைத்தான் சுட்டிக் காட்டுகிறது. தாங்கள் தேடி வெளிநாடு போக வேண்டாம், தங்கள் அலமாரியிலேயே இருக்கிறது.

அலமாரியில் இருந்ததை நினைவூட்ட ஓர் எலும்பு மருத்துவர் வர வேண்டியிருந்தது. கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 ஏப்ரலில் நீதிமன்றம் மத்திய அரசைப் பார்த்துச் சொன்னது: டிரைவர்களின் 8 மணி நேர வேலையை எப்படி அமல்படுத்துவது என்று மாநிலங்களோடு கூட்டம் போட்டுப் பேசுங்கள். சட்டம் பிறந்து 64 ஆண்டு. 64 வயதில் அதற்கு ஒரு கூட்டம். அந்தச் சட்டத்தில் ஒரு வரம்பு இருந்தது: ஐந்து தொழிலாளிகளாவது உள்ள நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தை விழுங்கிக்கொண்டு அந்த ஐந்தைப் பத்தாக்கியிருக்கிறது. ஒன்று இரண்டு வண்டிக்காரர்கள் நிறைந்த தொழிலுக்கு எவ்வளவு பொருத்தமான அளவுகோல்! முன்பு பலர் வலைக்கு வெளியே நின்றார்கள். வலையின் கண்ணைப் பெரிதாக்கினால் இன்னும் சிலர் நழுவி வெளியே விழுவார்கள்.

அப்புறம் ஒரு நாள் விபத்து நடக்கும். 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. மறுநாள் பேப்பரில், டிரைவரின் தூக்கக் கலக்கமே விபத்துக்குக் காரணம் என்று முதல் கட்ட விசாரணையில் தெரிய வந்திருப்பதாக வரும். இரண்டாம் கட்ட விசாரணை என்று ஒன்று எந்தப் பேப்பரிலும் வந்து நான் பார்த்ததில்லை. வந்தால் அதில் சில கேள்விகள் இருக்கும்: வண்டி எப்போது கிளம்பியது, எத்தனை மணி நேரம் கேட்டில் நின்றது, சேர வேண்டிய நேரத்தைக் குறித்தது யார், கடைசிப் போன் யாருடையது. முதல் தகவல் அறிக்கையில் இதற்கெல்லாம் இடமில்லை. அதில் தலைமுறை தலைமுறையாக ஒரே வாக்கியம்: அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து. வாக்கியத்துக்கு எழுவாய் ஒருவர்தான். சில சமயம் எழுவாயும் கேபினுக்குள்ளேயே செத்துக் கிடப்பார். இருந்தாலும் அவர்தான் ஏ1.

உயிரோடு தப்பியவருக்கு அரசு தனிக் கவனம் செலுத்தியது. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 106ஆம் பிரிவு, உட்பிரிவு 2: அஜாக்கிரதையாக ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு வரை சிறை. ஓடுவது தவறுதான், சந்தேகமில்லை. அடிபட்டவரைச் சாலையில் விட்டுவிட்டு ஓடுவதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் விபத்து நடந்த இடத்தில் லாரி டிரைவர் நின்றால் கூட்டம் என்ன செய்யும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரியும். நிற்கிறவனைக் காப்பாற்ற ஒரு உட்பிரிவு எழுதியிருந்தால் ஓடுகிறவனுக்கு எழுதியதை மதித்திருக்கலாம். அந்தப் பத்தாண்டுச் சிறையை எதிர்த்து 2024 ஜனவரியில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். வடக்கே பெட்ரோல் பங்குகளில் கார்கள் மைல் கணக்கில் வரிசை கட்டின. அப்போதுதான் தேசத்துக்குத் தெரிந்தது, பெட்ரோல் தானாக ஊறி வருவதில்லை என்று. அரசு இறங்கி வந்தது; அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதிச் சட்டத்தை அமல்படுத்தினார்கள். அறுபது வருஷமாக 8 மணி நேரத்துக்காக நடக்காத பேச்சுவார்த்தை, பெட்ரோலுக்காக ஒரே ராத்திரியில் நடந்தது.

தனியார் முதலாளி என்றால் அப்படித்தான், அரசாங்கமே முதலாளியாக இருந்தால் வேறு மாதிரி இருக்கும் என்கிறவர்கள் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் ஏறலாம். ஏறும்போது படியைப் பார்த்து ஏறவும். 2024 பிப்ரவரியில் சென்னையில் ஓடும் பேருந்தின் தரை உடைந்து ஒரு பெண் பயணி ஓட்டையில் விழுந்தார். ஏப்ரலில் திருச்சியில் பேருந்து வளைவில் திரும்பியபோது, கண்டக்டர் உட்கார்ந்திருந்த இருக்கை கழன்று, அவர் இருக்கையோடு சாலையில் போய் விழுந்தார். உலகத்தில் வேலையிடம் தொழிலாளியை இப்படி நேரடியாக வெளியேற்றியது வேறெங்கும் நடந்திருக்காது. உடனே உத்தரவு: மாநிலத்தின் எல்லா அரசுப் பேருந்துகளையும் 48 மணி நேரத்தில் சோதிக்க வேண்டும். சுமார் 20,000 பேருந்துகள். பணிமனையில் ஆளில்லை, உதிரிப் பாகமில்லை என்று தொழிற்சங்கங்கள் வருஷக்கணக்காகக் கத்தியதைச் சோதிக்க எத்தனை மணி நேரம் என்று உத்தரவில் இல்லை. நடவடிக்கை பாய்ந்தது பணிமனை மட்டத்தில். நட்டு கழன்றால் நட்டைத் திருகுகிறவன் குற்றவாளி. நட்டு வாங்காதவருக்கு வேறு துறை கிடைக்கும்.

ஆள் எடுக்கிறார்கள், எடுக்கவில்லை என்று சொல்லக் கூடாது. 2025இல் 3,274 பேருக்கு அறிவிப்பு வந்தது. பதவியின் பெயரைப் பாருங்கள்: ஓட்டுநர் உடன் நடத்துநர். டிரைவர் லைசென்ஸும் வேண்டும், கண்டக்டர் லைசென்ஸும் வேண்டும், ஆள் ஒன்று. லாரியில் இரண்டாவது ஆளைத் தொலைத்தார்கள். பேருந்தில் இரண்டு ஆளையும் ஒரே சட்டைக்குள் போட்டுத் தைத்துவிட்டார்கள். இரவெல்லாம் ஓட்டியவர் பகலில் டிக்கெட் கிழிக்கலாம், டிக்கெட் கிழித்தவர் இரவெல்லாம் ஓட்டலாம். ஓய்வு என்பது வேலையை மாற்றிச் செய்வது என்று எந்த மருத்துவர் சொன்னாரோ.

தொலைந்தவரைத் தேடியதில் ஒரே ஓர் இடத்தில் தடயம் கிடைத்தது. சமையல் எரிவாயு டேங்கர் லாரி. மோதினால் ஊரையே எரிக்கக்கூடிய வண்டி என்பதால், எண்ணெய் நிறுவனங்கள் 2025இல் புதிய டெண்டர் நிபந்தனைகளில் மாற்று டிரைவரோ கிளீனரோ இல்லாமல் வந்தால் அபராதம் என்று போட்டன. அந்த மார்ச்சில் தென்மாநில டேங்கர் உரிமையாளர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். எதிர்த்த நிபந்தனைகளில் இதுவும் ஒன்று. இரண்டாவது ஆளை எங்கே போய்ப் பிடிப்பது என்று அவர்கள் கேட்டதில் உண்மையும் இருக்கிறது. அந்த ஆள் உண்மையிலேயே இல்லை, அவர்களே இல்லாமல் செய்ததால். எண்ணெய் நிறுவனங்களின் அக்கறையிலும் ஓர் உண்மை இருக்கிறது: அபராதம் போட்டவர்கள், இரண்டாவது ஆளுக்கான சம்பளத்தை வாடகையில் தனி வரியாகப் போட்டுக் கொடுத்திருந்தால் வேலைநிறுத்தத்துக்கு வேலையே இருந்திருக்காது. பாதுகாப்பு வேண்டும், பில் வேண்டாம். டேங்கருக்குள் இருப்பது எரிவாயு என்பதால் இந்தச் சண்டையாவது நடந்தது. சிமெண்டு மூட்டையும் முட்டையும் ஏற்றுகிறவருக்கு அதுவும் இல்லை.

டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று எப்படி ஐயா கண்டுபிடிப்பது, இவ்வளவு பெரிய நாட்டில், இத்தனை லட்சம் லாரியில்? அதிகாரிகள் கேட்கிற நியாயமான கேள்வி. பதில் டோல்கேட்டில் தொங்குகிறது. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். எந்த லாரி எந்த கேட்டை எத்தனை மணி, எத்தனை நிமிஷத்துக்குக் கடந்தது என்று அரசுக்கு நொடிக் கணக்கில் தெரியும். ஓசூரில் நுழைந்த வண்டி எத்தனை கேட்டைத் தாண்டியது, நடுவே எங்கேயாவது நின்றதா, ஒரே ஆள் நிறுத்தித் தூங்க நேரம் இருந்ததா என்பதை ஒரு பள்ளிக்கூடப் பையன் எழுதும் புரோகிராம் கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்கு பெரும்பாலும் பணம் பிடிக்கத்தான் பயன்படுகிறது. கேட்டில் வண்டி வந்ததும் திரையில் பிடித்த தொகை வருகிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி வரட்டும்: இந்த வண்டி இத்தனை மணி நேரமாக நிற்கவில்லை. எட்டு என்று வந்தால் கேட் திறக்கக் கூடாது. பக்கத்தில் விளக்குப் போட்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, காவலுக்கு ஆள் போட்டு, டிரைவரைத் தூங்கவிட்டு, நின்ற நேரத்துக்கான கூலியைச் சரக்குக்காரர் கணக்கில் பிடிக்க வேண்டும். அதுவும் ஃபாஸ்டேக் மாதிரி, கேட்காமலே.

செய்யமாட்டார்கள். கேட் மூடினால் வசூல் நிற்கும்.